மூன்று ஆசைகள்: ஓர் ஐசியுவில் தொடங்கிய சிறு காரியங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஐசியுவில் படுத்திருப்பவருக்குப் பெயர் போய்விடுகிறது. "ஏழாம் பெட்", "வென்டிலேட்டர் பேஷன்ட்", "அந்த செப்சிஸ் கேஸ்" என்றுதான் பேச்சு. வாயில் குழாய், கழுத்தில் ஊசி, வீங்கிய கைகள், மழிக்காத தாடி. மருத்துவமனை அங்கியில் கிடக்கும் அந்த உருவத்தைத்தான் குடும்பம் கடைசியாகப் பார்க்கிறது. வருடங்கள் ஆனாலும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போவதில்லை. மருத்துவம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகு, அந்தக் கடைசி ஓரிரு நாளில் அங்கே வேலை பார்ப்பவர்கள் இன்னும் என்ன செய்ய முடியும்? அதற்கு எவ்வளவு செலவாகும், எங்கே சறுக்கும்? இதற்குக் கணக்கோடு பதில் வைத்திருக்கும் ஒரு திட்டத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நடந்தது என்ன

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் நகரில் செயின்ட் ஜோசப்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் 21 படுக்கைகள். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் டெபோரா குக்கும் அவருடைய குழுவினரும் 2013-இல் அங்கே ‘மூன்று ஆசைகள்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். பிழைக்க வழியில்லை என்று தெரிந்துவிட்ட நோயாளி ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று சின்ன ஆசைகளைக் கேட்டறிந்து நிறைவேற்றுவது, அவ்வளவுதான் திட்டம்.

யாரைச் சேர்ப்பது என்பதில் தெளிவான வரையறை இருந்தது. அந்தப் பிரிவிலேயே இறப்பதற்கான வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல் என்று பொறுப்பு மருத்துவர் கருத வேண்டும். அல்லது உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ளும் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆசையை நோயாளியே சொல்லலாம். ஆனால் ஐசியுவில் அந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தெளிவாக இருப்பதில்லை. அதனால் குடும்பத்தார் சொல்லலாம், நர்ஸும் டாக்டரும்கூடச் சொல்லலாம். கடைசியாகச் சொன்ன இந்த அனுமதி சின்ன விஷயமாகத் தெரியும். திட்டம் ஓடியதற்கு இதுவே முக்கியமான காரணம் என்பது எங்கள் கணிப்பு. குடும்பம் அதிர்ச்சியில் வாயடைத்து நிற்கும் நேரத்தில், மூன்று நாளாகப் பக்கத்திலேயே இருக்கும் நர்ஸுக்குத்தான் முதல் யோசனை வரும்.

முதல் 40 நோயாளிகளின் அனுபவம் 2015-இல் மருத்துவ இதழில் வெளியானது. நிறைவேறிய ஆசைகள் 159. நோயாளி ஒருவருக்கு ஆன செலவு ஒன்றுமில்லை என்பதிலிருந்து 200 டாலர் வரை. குடும்பத்தாரும் மருத்துவப் பணியாளர்களுமாக 170 பேரிடம் 160 நேர்காணல்கள் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தது ஒரே விஷயம்தான்: படுக்கையில் கிடப்பவர் மறுபடியும் தனி மனிதராகத் தெரிந்தார்.

ஒரு மருத்துவமனையில், ஒரு நல்ல மருத்துவர் பின்னால் நின்றதால் நடந்தது, வேறு எங்கும் நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காகவே திட்டத்தை ஹாமில்டனோடு சேர்த்து வட அமெரிக்காவின் நான்கு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திப் பார்த்தார்கள். மெரடித் வான்ஸ்டோன் முதன்மை ஆசிரியராக இருந்து 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 730 நோயாளிகள், 3,407 ஆசைகள். ஓர் ஆசைக்குச் சராசரிச் செலவு 5.19 டாலர். ஆய்வுக் காலம் முடிந்த பிறகும் நான்கு இடங்களிலும் வேலை நிற்காமல் தொடர்ந்தது.

அந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 3,407-ஐ 730-ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 4.7 ஆசைகள், அப்படியானால் ஒரு நோயாளிக்குச் சுமார் 24 டாலர். ஐசியுவில் ஒரு நாள் இரத்தப் பரிசோதனைக்கே அதைவிடக் கூடுதலாகும். இன்னொன்று, சராசரி 5.19 என்றிருக்க, அதன் திட்ட விலக்கம் (செலவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 17.14. அதாவது மிகப் பல ஆசைகளுக்குக் காசே ஆகவில்லை, ஒரு சிலவற்றுக்கு மட்டும் கையை விட்டுக் கொஞ்சம் பெரிதாகப் போயிருக்கிறது. பணம் ஒதுக்கினால்தான் தொடங்க முடியும் என்று காத்திருக்கும் நிர்வாகங்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

ஏன் இது மனதில் நிற்கிறது

டொரான்டோவில் நடந்த ஓர் ஆய்வை ரெடல்மையர், கானமன் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்டார்கள். குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்ட 154 பேர், பரிசோதனை நடக்கும்போதே வலியை நிமிடத்துக்கு நிமிடம் குறித்தார்கள். பிறகு நினைவிலிருந்து மொத்த வலியைச் சொன்னார்கள். நினைவில் நின்றது உச்சக்கட்ட வலியும் கடைசிச் சில நிமிடங்களும்தான். பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிட்டத்தட்டக் கணக்கிலேயே வரவில்லை. இழப்பில் நிற்கும் குடும்பத்தின் நினைவும் அப்படியே நடந்துகொள்ளும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் முடிவின் மேல் நினைவு இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பதை இழவு வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். "கடைசியா தண்ணி கேட்டாரு, குடுக்க விடல" என்ற ஒரு வரி முப்பது வருடம் வாழும். அந்த இடத்தில் "கடைசி நாள் அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டாங்க" என்ற வரியும் வாழ முடியும்.

எதை ஆசை என்கிறோம்

ஹாமில்டன் குழு ஆசைகளை ஐந்து வகையாகப் பிரித்தது. அறையை மனிதர் வாழும் இடமாக்குவது, அவருடைய வாழ்க்கைக்கு மரியாதை செய்வது, குடும்பத்தை ஒன்று சேர்ப்பது, சடங்கும் வழிபாடும், அவர் பெயரால் மற்றவர்களுக்கு ஏதாவது செய்வது.

இவற்றில் முதல் வகைதான் எளிது, முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. அவர் நன்றாக இருந்தபோது எடுத்த போட்டோ ஒன்றைத் தலைமாட்டில், அறைக்குள் நுழைபவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களின் குரல் தானாகவே தாழும். தாடி வழித்து, தலை வாரி, வாயைச் சுத்தம் செய்து, உதட்டில் வாசலின் தடவுங்கள். வீட்டுப் போர்வை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். துவைத்தது போதும், புதியது வேண்டாம். வீட்டு வாசனை அதில்தான் இருக்கிறது. அறைக்குள் இருக்கும் மானிட்டரின் அலாரத்தை அடக்கி, திரையை அணைத்துவிட்டு, நர்ஸ் மேஜையில் இருக்கும் மைய மானிட்டரில் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குடும்பமே திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், முகத்தைப் பார்க்காது. தேவையில்லாத கம்பிகளை எடுத்துவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியை ஒரு பக்கம் இறக்கி, நாற்காலியைக் கை எட்டும் தூரத்தில் போடுங்கள். இதற்கெல்லாம் இருபது நிமிடம் ஆகும், செலவு இல்லை.

பாட்டு போடுவதிலும் வேலை இருக்கிறது. போனில் நேரடியாக இணையத்திலிருந்து போட்டால் பாட்டின் நடுவே விளம்பரம் வரும். ஒரு மகள் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது சோப்பு விளம்பரம் கத்தினால் அந்த நினைவும் சேர்ந்தே தங்கிவிடும். முன்கூட்டியே பதிவிறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, சின்ன ஸ்பீக்கரைத் தலையணைக்குப் பக்கத்தில், காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். இன்னும் சிறந்தது பேரனோ பேத்தியோ பேசிப் பதிந்த குரல். வான்கூவரில் நடந்து 2020-இல் வெளியான, மூளையின் மின் அலைகளைப் பதிந்த ஆய்வில், மரணத்தை நெருங்கி நினைவிழந்திருந்த நோயாளிகளில் சிலருடைய மூளை, ஒலி மாறும்போது நல்ல நிலையில் இருப்பவர்களின் மூளையைப் போலவே வேறுபாடு காட்டியது. கேட்டுப் புரிந்துகொண்டார்களா என்பது வேறு கேள்வி. ஆனாலும் "காது கேக்கும், பேசுங்க" என்று சிஸ்டர் சொல்வதற்கு அடிப்படை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பலர் பேசவே தயங்குகிறார்கள்.

எப்படிக் கேட்பது

திட்டத்தின் பெயரில் ஆசை என்ற சொல் இருந்தாலும், தமிழில் அதைக் கேள்வியாக நேரே கேட்கக் கூடாது. "கடைசி ஆசை" என்றால் நமக்குத் தூக்குமேடைதான் ஞாபகம் வருகிறது. குடும்பத்தின் காதில் அது "இனி ஒன்றும் செய்யப் போவதில்லை" என்று விழும். அதோடு, அப்படிக் கேட்டால் பதில் பெரிதாக வரும்: அமெரிக்காவில் இருக்கும் மகன் வர வேண்டும், குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அல்லது பதிலே வராது.

கேட்க வேண்டியது அவரைப் பற்றி. "அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன், வீட்ல எப்படி இருப்பாரு?" என்று உட்கார்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் பத்து விநாடியில் பேச்சு முடிந்துவிடும். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அவரு ரொம்ப கண்டிப்பு சிஸ்டர். காலையில அஞ்சரைக்கு ரேடியோ போட்டுட்டுத்தான் காப்பியே குடிப்பாரு. சட்டையில ஒரு சுருக்கம் இருந்தா போட மாட்டாரு." இதில் மூன்று ஆசைகள் இருக்கின்றன, யாரும் ஆசை என்று சொல்லவில்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு ரேடியோ. உதட்டில் இரண்டு சொட்டுக் காப்பி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முதுகுப் பக்கம் வெட்டித் திறந்து அங்கிபோல முன்னாலிருந்து போர்த்துவது. சட்டையை வெட்டலாமா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

நேரம் தப்பக் கூடாது. வென்டிலேட்டரை விலக்கிய பிறகு சிலர் அரை மணியில் போய்விடுவார்கள், சிலர் ஒரு நாளுக்கு மேல் இருப்பார்கள். முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கருவியை விலக்கும் முடிவு வந்த அன்றே பேச்சைத் தொடங்கி, முதல் காரியத்தை அன்று மாலைக்குள் செய்து முடிக்க வேண்டும். ஆனால் முடிவுக்கு முன்னால் இந்தப் பேச்சை எடுப்பது தவறு. "முடிவு எடுக்க வைக்கத்தான் இதெல்லாம் பண்றாங்க" என்று குடும்பம் நினைத்துவிட்டால் எல்லாம் கெட்டது. சிகிச்சை பற்றிய முடிவு முதலில், அதுவும் வேறொரு உட்காரலில்; ஆசை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

கையில் கொடுக்கும் பொருட்கள்

ஆசைகள் பல நேரத்தில் ஒரு நினைவுப்பொருளில் போய் முடியும். இந்தத் திட்டம் நடக்கும் இடங்களில் கட்டைவிரல் ரேகை, இதயத் துடிப்புப் பட்டை, சொல் மேகம் ஆகிய மூன்றும் பரவலாகிவிட்டன. செய்முறையில் கவனம் தேவைப்படுவதால் விரிவாகச் சொல்கிறோம்.

ரேகை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் விரலைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் மை பரவும். லோஷன் தடவியிருந்தால் மை ஒட்டாது. ஆக்சிஜன் அளக்கும் கிளிப் இல்லாத கையைத் தேர்ந்தெடுங்கள். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்துகள் அதிக அளவில் ஓடிக்கொண்டிருந்தால் விரல் நுனிகள் கறுத்துச் சுருங்கலாம். உடலில் நீர் கோத்திருந்தால் ரேகை தட்டையாகும். அதனால் முதல் நாளே எடுப்பது நல்லது. மைப்பேடில் மெல்லத் தொட்டு, தடித்த வெள்ளை அட்டையில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே திசையில் உருட்டி எடுங்கள். அழுத்தினால் கறுப்புப் பொட்டாகத்தான் விழும். முதல் பதிவு பெரும்பாலும் மை கூடி வரும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் தெளிவாக இருக்கும். சரியாக வந்ததை ஸ்கேன் செய்து, அளவு குறைத்து அச்சிட்டு, கண்ணாடிக் குமிழ் வைத்த சாவிக்கொத்தில் அடக்கலாம். பிள்ளைகள் ஐந்து பேர் என்றால் சாவிக்கொத்தும் ஐந்து. ஒன்று மட்டும் செய்து மூத்தவர் கையில் கொடுத்தால், பல வருடத்துச் சண்டைக்கு விதை போட்டதாகிவிடும். ரேகை எடுத்ததும் விரலில் இருக்கும் மையை முழுக்கத் துடைத்துவிடுங்கள். நம் ஊரில் இறந்தவர் கட்டைவிரலில் மை தெரிந்தால் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்களோ என்ற சந்தேகம் எழும். ரேகையைக் குடும்பத்தார் முன்னிலையில், அவர்கள் கேட்ட பிறகு மட்டுமே எடுக்க வேண்டும்.

துடிப்புப் பட்டை. மானிட்டரில் பதியும் தாளின் அகலம் பெரும்பாலும் 50 மி.மீ. விநாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும், 6 விநாடிக்கு 15 செ.மீ. கிடைக்கும், அது போதும். சுருட்டி, ரிப்பன் கட்டி, கார்க் மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வைப்பார்கள். பாட்டிலின் உள் உயரம் 5 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பலரும் ஏமாறும் இடம் வேறு. அது வெப்பத்தால் பதியும் தாள். வெயில், சூடு, கை கழுவும் ஸ்பிரிட், சில பிளாஸ்டிக் உறைகள் எது பட்டாலும் கோடு மங்கும். ஆசையாக வாங்கிப்போய்ப் பூஜை அலமாரியில் வைத்த பாட்டிலில் சில வருடம் கழித்து வெற்றுத் தாள் இருந்தால் அந்தத் தாய் இரண்டாவது முறை இழக்கிறாள். ஆகவே அன்றே சாதாரணத் தாளில் நகல் எடுத்து நகலைத்தான் பாட்டிலில் வைக்க வேண்டும். நோயாளி எண், நேரம், அலாரம் எழுத்துகளை வெட்டிவிடுங்கள். துடிப்பு சீராக இருக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும். கடைசி நிமிடத்தின் பட்டை வேண்டாம்.

சொல் மேகம் என்பது அவரைப் பற்றிக் குடும்பமும் பணியாளர்களும் சொன்ன சொற்களைச் சேர்த்து, அடிக்கடி வந்த சொல் பெரிதாகத் தெரியும்படி ஒரே தாளில் அச்சிடுவது. இருபதிலிருந்து முப்பது சொல் இருந்தால் அழகாக வரும். "நல்லவர்", "அன்பானவர்" என்பவை எல்லோருக்கும் பொருந்தும். "சைக்கிள்", "திருக்குறள்", "ரசம் சாதம்", "எதுக்குடா அவசரம்" போன்றவைதான் தாளைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் வர வைக்கும். தமிழில் இதைச் செய்யும்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட சில செயலிகள் கொம்பையும் துணைக்காலையும் புள்ளியையும் எழுத்திலிருந்து பிரித்துச் சொல்லைச் சிதைத்துவிடும். அச்சிடுமுன் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பாருங்கள். தகராறு செய்தால் கணினியில் வெற்றுப் பக்கத்தில் கையாலேயே பெரிதும் சிறிதுமாக அடுக்குங்கள், அரை மணியில் முடியும். பெயரின் எழுத்தை இரண்டு உறவினர்களிடம் சரிபார்க்க வேண்டும். ன, ண மாறிப்போனாலும் தாள் பாழ்.

கை அச்சு பற்றியும் கேட்பார்கள். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையைப் பதித்து, அந்தக் குழியில் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றி எடுப்பது. பார்க்க மிக அழகு. ஆனால் ஐசியுவில் கை வீங்கியிருக்கும், ஊசிக் குழாய் இருக்கும், தண்ணீர் சிந்தும், கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குழு பழகும்வரை இதைத் தொடாமலிருப்பதே நல்லது. ரேகையே போதும்.

சடங்குகள், நம் ஊர்ச் சூழலில்

சடங்கு வகையைக் கனடாவிலும் தனியாகவே வைத்திருந்தார்கள். தமிழ்க் குடும்பம் எங்கே இருந்தாலும் இது முதல் இடத்துக்கு வரும். பால் ஊற்றுவது, துளசித் தீர்த்தம், கங்கை நீர், விபூதி. முஸ்லிம் வீடுகளில் ஜம்ஜம் தண்ணீர், யாசீன் ஓதுவது, கலிமா. கத்தோலிக்கர் என்றால் நோயில்பூசுதல். ஆஸ்பத்திரி மறுத்துவிடும் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. அல்லது யாரும் பார்க்காதபோது பாட்டில் மூடியால் வாயில் ஊற்றிவிடுகிறார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிப் பெரும் திணறலை உண்டாக்கும். கடைசிக் காட்சி அதுவாகிவிடும். வழி இருக்கிறது. வாய் துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கின் நுனியிலும் தடவலாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சி கொடுத்து வரிசையாகச் செய்யவிட்டால் பத்துப் பேர் பால் ஊற்றிய நிறைவு வரும். உள்ளே போனது அரை ஸ்பூன்கூட இருக்காது.

விளக்கும் சூடமும் ஊதுபத்தியும் அறைக்குள் கூடவே கூடாது. ஆக்சிஜன் ஓடும் அறையில் சின்னப் பொறியும் தீயாகும். பேட்டரியில் எரியும் விளக்கு வையுங்கள். ஓத வருபவருக்கு நாற்காலியும் பதினைந்து நிமிடமும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் சுகர் பார்க்க வர வேண்டாம் என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டலாம்.

நம் ஊரில் இன்னொரு பெரிய ஆசை, வீட்டில் வைத்து உயிர் போக வேண்டும் என்பது. இது சின்ன ஆசை அல்ல. ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் சிலிண்டர், வலி மருந்து, வீட்டில் மருந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர், வழியிலேயே உயிர் போனால் என்ன செய்வது என்ற பேச்சு, எல்லாம் வேண்டும். அதைத் தனி வேலையாக, தனித் திட்டத்தோடு செய்ய வேண்டும். முடியாதபோது வீட்டின் ஒரு துண்டை இங்கே கொண்டுவரலாம்: முற்றத்துத் துளசி, வாசலைக் காட்டும் வீடியோ அழைப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

எங்கே கெடுகிறது

முடிந்தால் பார்க்கலாம் என்று இழுப்பதுதான் முதல் கேடு. செய்ய அதிகாரம் இல்லாதவர் "கண்டிப்பா பண்றோம்" என்று சொல்லிவிட்டு, மேலே அனுமதி கிடைக்காமல் போனால் அதைவிடக் கொடுமை வேறில்லை. எது எல்லாம் யாரையும் கேட்காமல் நர்ஸே செய்யலாம் என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிச் சிக்கல் தீரும். பாட்டு, போட்டோ, போர்வை, வீடியோ அழைப்பு, பார்வையாளர் நேரத்துக்கு வெளியே ஒருவரை உள்ளே விடுவது இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். கடைசி ஒன்றுக்கு வாசல் காவலரிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஐசியு கதவில் அவர்தான் முடிவெடுப்பவர்.

அடுத்தது அச்சுவார்ப்பு. முதல் மாதம் உற்சாகம் இருக்கும். ஆறாவது மாதம் எல்லோருக்கும் அதே பாட்டில், அதே சாவிக்கொத்து, ஒரே பையில் போட்டுக் கையில் திணித்து அனுப்புவது. நம் பணி ஓய்வு விழாக்களில் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் என்ன ஆயினவோ அதுவே இங்கும் ஆகும். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் ஒரே கடிகாரம். இதைத் தடுக்க ஒரே வழி, பொருளை எடுக்குமுன் கேள்வியைக் கேட்டார்களா என்று பார்ப்பது. நோயாளியைப் பற்றிக் குறைந்தது ஒரு குறிப்பான வரி பதிவேட்டில் இல்லாமல் அலமாரியைத் திறக்க வேண்டாம்.

எல்லாம் ஒரே ஒரு நர்ஸின் தோளில் விழுவது மூன்றாவது. அவர் விடுப்பில் போனால் திட்டமும் விடுப்பில் போகும். நான்கு பிரிவுகள் ஆய்வில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இருந்தது: தொடக்கத்தில் வெறுமனே உதவிக்கு நின்ற பணியாளர்கள், போகப் போகத் தாங்களே யோசித்துத் தாங்களே செய்பவர்களாக மாறினார்கள். அந்த மாற்றம் வர அலமாரிச் சாவி இரவுப் பணியிலும் கிடைக்க வேண்டும். மரணம் டூட்டி நேரம் பார்த்து வருவதில்லை.

பில்லில் இது ஒரு வரியாக வரவே கூடாது. தனியார் மருத்துவமனையில் ‘நினைவுப் பொருள், இவ்வளவு ரூபாய்’ என்று அச்சானால் அத்தனை அன்பும் வியாபாரமாகிவிடும். அதேபோல போட்டோ. குடும்பத்தின் போனில், குடும்பம் கேட்டால் மட்டும் எடுக்க வேண்டும். மருத்துவமனையின் விளம்பரப் பக்கத்தில் போடுவதற்கு அனுமதி கேட்பதுகூட அந்த வாரத்தில் முறையல்ல.

தொற்றுநோய்த் தனிமையில் இருப்பவருக்கு மைப்பேட், பேனா, ஸ்பீக்கர் எதையும் அடுத்தவருக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. கோவிட் காலத்தில் குடும்பம் உள்ளே வர முடியாதபோதும் இந்தத் திட்டம் நிற்கவில்லை. அழைப்பில் இருந்த குடும்பத்துக்காக நர்ஸ்கள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மைத்துண்டுகள், துடைத்தெடுக்கக்கூடிய உறைக்குள் வைத்த டேப்லெட் இரண்டும் இருந்தால் இந்த வேலை தனிமை அறையிலும் நடக்கும்.

தொடங்க விரும்பும் பிரிவுக்கு

ஒரு பூட்டிய அலமாரித் தட்டு போதும். மைப்பேட் இரண்டு, தடித்த அட்டை ஐம்பது, கார்க் பாட்டில் இருபது, சாவிக்கொத்து முப்பது, ரிப்பன், பேட்டரி விளக்கு நான்கு, சின்ன ஸ்பீக்கர் ஒன்று, போட்டோ ஒட்டும் டேப், பஞ்சுக் குச்சி, சவரப் பெட்டி, சீப்பு. கலர் பிரிண்டர் அலுவலகத்தில் இருக்கும். பத்துப் படுக்கைப் பிரிவுக்கு முதல் ஒரு மாதத்துக்கு இது தாராளம்.

பதிவேட்டில் ஐந்து பத்தி: தேதி, அவரைப் பற்றி ஒரு வரி, கேட்ட ஆசை, செய்தவர், ஆன செலவு. நிறைவேறாததையும் ஏன் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் காரணங்களை மட்டும் படித்தால் தடை எங்கே இருக்கிறது என்று தெரியும்: லிஃப்ட், காவலர், சாவி, அல்லது ஒரு சீனியரின் முகச்சுளிப்பு.

முதல் நோயாளிக்கு ஒரே ஓர் ஆசை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்ற கணக்கு பிறகு தானாக வரும். உயிர் பிரிந்த பின்னும் வேலை முடிவதில்லை. குளிப்பாட்டித் துணி மாற்றும்போது "நீங்க கூட இருக்கீங்களா?" என்று வீட்டுப் பெண்களையோ மகனையோ கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் தலை வாரிவிட வேண்டும் என்பார்கள். சீப்பை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவருடைய கண்ணாடி, செருப்பு, வாட்ச், பல்செட் எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கொடுக்காமல், ஒரு வெள்ளைத் துணிப்பையில், பெயர் எழுதி, இரண்டு கையாலும் கொடுங்கள்.